பள்ளி ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்ப்பு: மூடியைத் திறக்காமல் பார்ப்போம்

விரல், வாய், கழிப்பறைக் கதவு என்று கண்ட இடத்திலெல்லாம் துடைத்தெடுத்து வளர்க்க மாணவர்கள் துடிப்பார்கள். அனுமதிக்காதீர்கள், அதில் என்ன முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேசில்லஸ் சப்டிலிஸ், ஈ.கோலை கே-12 போன்ற, நோய் உண்டாக்காத வகைகளைப் பள்ளிகளுக்கு வழங்கும் நிறுவனத்திடம் வாங்குங்கள்.

பாக்டீரியாவுக்கு உணவாகும், ஆறினால் இறுகும் கூழான ஊட்ட அகாரை 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் கிருமி நீக்கம் செய்யுங்கள். அந்த வெப்பத்தை எட்டும் பிரஷர் குக்கரும் போதும்.

அடுத்தது அதைப் பெட்ரி தட்டில், அதாவது மூடியுள்ள தட்டையான வட்டத் தட்டில், ஊற்றுவது. என்னை அதிகம் அலைக்கழித்த கட்டம் இதுதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியின் உட்புறம் நீர் கோக்கும். அது சொட்டினால், தனித்தனியாக வளரவேண்டிய பாக்டீரியாக் கூட்டங்கள் கலந்து ஒரே படலமாகிவிடும். ஏறத்தாழ 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். இறுகியதும் தட்டைக் கவிழ்த்தே வையுங்கள். பெயரும் தேதியும் தட்டின் அடியில் எழுதுங்கள். மூடிகள் இடம் மாறிப்போகும்.

மேசையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, அது முழுவதும் உலர்ந்த பிறகே பர்னரைப் பற்றவையுங்கள். கம்பி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவைத்து, பாக்டீரியாவைத் தொட்டு அகாரின் மேல் இழுத்துவிட்டு, மறுபடி காய்ச்சுங்கள். மூடியை ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கினால் போதும். சிறு வகுப்புகளுக்கு நெருப்பே வேண்டாம். கிருமி நீக்கிய பிளாஸ்டிக் வளையங்களையே நான் வாங்குவேன்.

மூடியை இரண்டு அல்லது நான்கு துண்டு டேப்பால் ஒட்டுங்கள். பாதுகாப்பு என்று எண்ணிச் சுற்றிலும் ஒட்டிவிடுவது தவறு. காற்று அடைபட்டால் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களுக்கு வசதியாகிவிடும். அவற்றில் ஆபத்தானவையும் உண்டு.

தட்டை வளரவிடும் இடத்தின் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டக்கூடாது. 37-இல் வைத்தால் விரைவாக வளருமே என்பார்கள். அது நம் உடல் வெப்பநிலை. நம்மைத் தாக்கும் கிருமிகளுக்கும் அதுவே உகந்தது. இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். வளர்ந்தபின் மூடியைத் திறக்கவே கூடாது, மூடியின் வழியாகவே எண்ணுங்கள், வரையுங்கள்.

முடிந்ததும், திறக்காமலே 121 டிகிரியில் மீண்டும் கிருமி நீக்கம் செய்துவிட்டுத்தான் குப்பையில் போடவேண்டும்.

பின்சேர்க்கை: பிளாஸ்டிக் தட்டுகள் உருகி ஒட்டிக்கொள்வதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். உருகத்தான் செய்யும். வெப்பம் தாங்கும் பையில் போட்டு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வையுங்கள். பையின் வாயை இறுகக் கட்டிவிடாதீர்கள். நீராவி உள்ளே புகாவிட்டால் கிருமிகள் சாகாது.