சோரியாசிஸுக்கு வைட்டமின் டி மாத்திரை போதுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் ஒருவருக்குச் சோரியாசிஸ் (தோல் செதில் செதிலாக உரியும் நோய்) என்று தெரிந்ததும், யாராவது வைட்டமின் டி மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். "டி குறைவு, அதனால்தான் தோல் உரிகிறது" என்பார்கள். முதல் தவறு இதுதான்.

சோரியாசிஸ் உள்ள பலருக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மை. ஆனால் எதனால் எது வந்தது? செதில் வெளியே தெரியக் கூடாதென்று டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் டிசம்பர் கோடை வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவரின் தோலில் வெயில் எப்படிப் படும்? இந்த நோயோடு உடல் பருமனும் அடிக்கடி சேர்ந்து வரும். பருமனானவர்களின் ரத்தத்தில் இந்த வைட்டமின் குறைவாகவே இருக்கும். நம் கருத்த தோலுக்கு வெயிலும் கூடுதல் நேரம் வேண்டும். ஆக, குறைபாடு நோயின் விளைவாகவும் இருக்கலாம். குறைந்திருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும், எலும்புக்கு அது அவசியம். அதை நம்பி டாக்டர் தந்த களிம்பை நிறுத்துவதுதான் எனக்குப் பொறுக்காதது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு கதை உண்டு. எலும்புத் தேய்வுக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருவருக்குச் சோரியாசிஸ் குறைந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 1985இல் எழுதினார்கள். பிறகு அதே வகையில் வந்ததுதான் கால்சிபோட்ரியால் களிம்பு. தோல் செல்கள் தாறுமாறாகப் பெருகுவதை அது பூசிய இடத்திலேயே தணிக்கும். கடையில் வாங்கும் சாதாரண மாத்திரையிடம் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. களிம்பிலும் கவனம் வேண்டும்: பெரியவர்களுக்கு வாரம் 100 கிராம்தான் எல்லை. சாலிசிலிக் அமிலக் களிம்பைச் சேர்த்துப் பூசினால் கால்சிபோட்ரியால் செயலிழந்துவிடும்.

அப்புறம் வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். சில ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றும் சில லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்றும் எழுதுகின்றன. அந்தக் கணக்கில் 20 நானோகிராமும் 50 நானோமோலும் ஒன்றுதான். இந்தியாவிலிருக்கும் உறவினரின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு, "எனக்கு 40, நன்றாகவே இருக்கிறது" என்று நிம்மதியடைகிறவர் அலகைப் பார்க்க வேண்டும். 40 நானோமோல் என்றால் வெறும் 16 நானோகிராம்.

வாரம் ஒன்று என்று எழுதித் தந்த 50,000 யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தாகம், சிறுநீரகக் கல் வரை போகலாம். உச்சி வெயிலில் தோல் வெந்துபோகும்வரை நிற்பதும் வேண்டாம், வெந்த இடத்தில் புதுச் செதில் கிளம்பும்.

விரல் மூட்டு வீங்கி, காலையில் விறைத்துக்கொண்டால் அதையும் வைட்டமின் குறைவென்று தள்ளிப்போடாதீர்கள். சோரியாசிஸ் மூட்டையும் தாக்கும். தாமதித்தால் கெட்ட மூட்டைப் பழையபடி ஆக்க முடியாது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.