வைரஸ் ஆய்வைப் பற்றி ஊருக்குள் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மகளிர் குழுக் கூட்டம். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பெண் ஒருத்தி டெங்கு ஆய்வு பற்றிப் பேசினாள். வால்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொசுவுக்குள் ஏற்றி வெளியே விடுகிறார்கள். அந்தக் கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. இதுவரை அழகாகச் சொன்னாள். அப்புறம், "இதனால் நூற்றுக்கு எழுபத்தேழு பேருக்கு டெங்கு வராது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 2021ல் மேலூரில் நான் செய்த அதே தவறு.

கை நடுங்குவது, நாக்கு குழறுவது எல்லாம் நாலு கூட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். இங்கே எழுதுவது தானாகச் சரியாகாதவற்றை.

சதவீதத்தை ஆள் கணக்காக மாற்றிச் சொல்வது

2021 ஏப்ரல். 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்திருந்த நேரம். கோவிஷீல்டு பற்றி விளக்கப் போயிருந்தேன். "எழுபது சதவீதம் பலன். அதாவது நூறு பேர் போட்டால் எழுபது பேருக்கு கொரோனா வராது, முப்பது பேருக்கு வரலாம்" என்றேன். பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர் எழுந்தார். "ஊசி போடாமயே எங்க தெருவுல அம்புட்டுப் பேருக்கு வரலையே தம்பி. அப்ப ஊசி எதுக்கு?" எனக்குப் பதில் வரவில்லை. அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மே மாதம் இரண்டு வாரம் ஆக்சிஜனில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்னமும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. என் கணக்குதான் தப்பு.

கோவிஷீல்டு என்பது ஆக்ஸ்போர்டு தடுப்பூசியின் இந்தியப் பெயர். அதன் ஆய்வு முடிவு 2020 டிசம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. தடுப்பூசி போட்ட 5,807 பேரில் 30 பேருக்கு நோய் வந்தது. அதைப் போடாத 5,829 பேரில் 101 பேருக்கு வந்தது. ஆயிரம் பேருக்கு என்று பார்த்தால் 17 பேருக்கு வர வேண்டிய இடத்தில் 5 பேர். 17லிருந்து 5க்கு இறங்கியதைத்தான் எழுபது சதவீதம் என்கிறார்கள். ஆயிரத்தில் ஐந்து என்பதை நான் நூற்றில் முப்பது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் ஆய்வு நடந்த சில மாதங்களுக்கான கணக்கு, ஆயுசுக்கும் அல்ல.

அந்தப் பெண் சொன்ன எழுபத்தேழும் இதே கதைதான். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த ஆய்வு, 2021ல் வெளியானது. வால்பாக்கியா கொசு விட்ட பகுதிகளில் காய்ச்சலோடு வந்து ஆய்வில் சேர்ந்த 2,905 பேரில் 67 பேருக்கு டெங்கு. விடாத பகுதிகளில் 3,401 பேரில் 318 பேருக்கு. நூற்றுக்கு ஒன்பது, இரண்டாகக் குறைந்திருக்கிறது. கவனியுங்கள், இது காய்ச்சல்காரர்களில் எடுத்த கணக்கு. ஊர் ஜனம் மொத்தத்துக்கும் அல்ல. கூட்டம் முடிந்ததும் நோட்டீஸின் பின்பக்கத்தில் இந்த நாலு எண்ணையும் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த கூட்டத்தில் இதையே எழுதிப் போட்டுடுறேன் சார்" என்றாள்.

ஆய்வகத் தட்டில் நடந்ததை உடம்பில் நடந்ததாகச் சொல்வது

ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தை நினைவில் வையுங்கள். 2020ல் ஆஸ்திரேலிய ஆய்வகத்தில், தட்டில் வளர்த்த செல்களில் கொரோனா வைரஸை 48 மணி நேரத்தில் சுத்தமாக அடக்கியது. ஆனால் அங்கே ஊற்றிய அளவு, வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையால் ரத்தத்தில் வரும் அளவைவிடப் பல மடங்கு. பிறகு நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை.

ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

இரண்டாவது ஆய்வும் வரட்டும், பிறகு சொல்லுங்கள்.

"எதிர்ப்பு சக்தி வந்தாச்சு" என்று முடிப்பது

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனவருக்கு அடுத்த முறை வேறொரு வகை வந்தால் நோய் இன்னும் கடுமையாகலாம். "ஒரு தடவை வந்துடுச்சு, இனி பயமில்லை" என்று யாராவது தலையாட்டினால் அங்கேயே நிறுத்தி விளக்கிவிட்டு மேலே போங்கள்.

உதாரணத்துக்கு வெளிநாடு போவது

மதுரையிலேயே ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கொசு ஆய்வு மையம் 1980களிலிருந்து இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசு நம் நெல் வயல் தண்ணீரில்தான் பெருகுகிறது. வைரஸ் கொக்கிலும் பன்றியிலும் இருந்து, கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. சோழவந்தானில் இதை வயல், கொக்கு, பன்றி, கொசு என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் பக்கத்தில் வந்து, வரைந்த வயலின் மேல் விரலை வைத்து, "நடவு முடிஞ்சு எத்தனாவது நாள் கொசு சாஸ்தியாகும்?" என்று கேட்டார். அன்றைக்குக் கூட்டம் கலைய இருட்டிவிட்டது.