ஒரு ஹதீஸ் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது: சோதித்துப் பார்க்கும் முறை

இஸ்லாமிய ஆண்டின் இரண்டாம் மாதமான ஸஃபரில் கைத்தொலைபேசிக்கு வருகின்ற செய்திகளில் இப்படியும் ஒன்று இருக்கலாம்: "ஸஃபர் முடிந்துவிட்டது என்ற நற்செய்தியை எனக்குச் சொல்பவருக்கு நான் சுவர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி கூறுவேன்." ஸஃபரின் கடைசிப் புதனான ஒடுக்கத்துப் புதனைப் பீடை நாளாகக் கருதிய பழைய வழக்கத்துக்கு இதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. அந்த வழக்கத்தை மறுக்கும் மௌலவி வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் வேறொரு ஹதீஸை, அதாவது நபியவர்களின் சொல்லாக அறிவிக்கப்படும் செய்தியை, சொல்லுவார்: "தொற்று இல்லை, சகுனம் இல்லை, ஆந்தை பற்றிய நம்பிக்கை இல்லை, ஸஃபர் இல்லை." இரண்டும் நபி (ஸல்) அவர்களின் பெயரிலேயே வருகின்றன. வன்னியிலுள்ள முசலியில் இருந்தாலும் சாளம்பைக்குளத்தில் இருந்தாலும் நீராவிப்பிட்டியில் இருந்தாலும், கேட்பவருக்கு எது எப்படிப்பட்டது என்று பிரித்தறிய ஒரு முறை வேண்டும். உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் மாணவருக்கும், முஸ்லிம் அயலவரின் சமயத்தை வரலாறாக அறிய விரும்பும் ஏனையோருக்கும் அதே முறை உதவும்.

தொடங்கும் முன்னர் இரண்டு கேள்விகளை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். ஹதீஸ் கலை அறிஞர், இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர்களின் தொடர் குறைபாடின்றி இருக்கிறதா என்று கேட்கிறார். வரலாற்று ஆய்வாளர், இந்தச் செய்தி புழக்கத்தில் இருந்ததை எந்தக் காலம்வரை பின்னோக்கிக் கொண்டுபோக முடியும் என்று கேட்கிறார். ஒருவர் 'ஸஹீஹ்' (தொடர் குறைபாடற்றது) என்று சொன்னால் முதற் கேள்விக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது; இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது. இரண்டையும் கலந்துவிட்டு நடத்தப்படும் வாதங்கள் எங்கள் பக்கத்தில் மிக அதிகம், அவற்றால் இரு தரப்புக்கும் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

முதலில் நூலைக் கண்டுபிடியுங்கள். செய்தியின் கீழே "புஹாரி" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஆதாரமாக எடுக்கக்கூடாது. எந்த அத்தியாயம், நபியவர்களிடமிருந்து அதை அறிவித்த தோழர் யார் என்ற இரண்டும் தெரிய வேண்டும். ஹதீஸ் இலக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது, ஆகவே இலக்கம் பொருந்தவில்லை என்பதற்காக ஹதீஸே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது கையோடு கொண்டுபோக முடிந்தது மிகச் சொற்பம். வீட்டிலிருந்த கிதாபுகளை யாரும் சுமந்து செல்லும் நிலையில் இருக்கவில்லை. மீள்குடியேறிய ஊர்களில் இன்று பலர் கைத்தொலைபேசியை நம்பியிருப்பதில் வியப்பில்லை. எனினும் ஸஹீஹுல் புஹாரி போன்ற முதன்மை நூல்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு, பள்ளிவாசலுக்கு ஒரு பிரதி வாங்கி வைப்பது பெரிய செலவல்ல.

நூல் கிடைத்ததும் அதன் தொகுப்பாளர் எப்போது இறந்தார் என்று பாருங்கள். நபியவர்கள் இறந்தது கி.பி. 632இல். பெருந்தொகுப்புகளைச் செய்தவர்களுள் புஹாரி 870இலும், முஸ்லிம் என்பவர் 875இலும், அபூதாவூத் 889இலும், திர்மிதி 892இலும் இறந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியிலிருந்துதான் எல்லா ஐயங்களும் பிறக்கின்றன. ஆனால் புஹாரிக்கு முன்னர் வெறும் வாய்மொழிதான் இருந்தது என்று எண்ணுவது பிழை. 795இல் இறந்த மாலிக்கின் முவத்தா, 827இல் இறந்த அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃப், 855இல் இறந்த அஹ்மத் இப்னு ஹன்பலின் முஸ்னத் ஆகியவை இன்றும் கையில் இருக்கின்றன. நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹின் பெயரில் 138 ஹதீஸ்கள் கொண்ட ஒரு சிறு ஏடு உண்டு. டமஸ்கஸ், பெர்லின் ஆகிய இடங்களிலிருந்த கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டு அதை முஹம்மது ஹமீதுல்லாஹ் 1953இல் பதிப்பித்தார். அதிலுள்ளவை அஹ்மதின் முஸ்னதில் உள்ளவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அப்பிரதிகளே பிற்காலத்தவை என்பதால் இது முடிந்த முடிவாகாது. எழுத்து வழக்கு மிக முந்தியே தொடங்கியிருக்கலாம் என்பதற்கு வலுவான சான்று என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஸஃபர் நற்செய்தி இந்த முதற்படியிலேயே விழுந்துவிடுகிறது. சுன்னி முஸ்லிம்கள் முதன்மையாகக் கொள்ளும் ஆறு பெருந்தொகுப்புகளில் அது இல்லை, அதற்கென்று அறிவிப்பாளர் தொடரும் இல்லை. ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸகானீ அதை இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்தார். தொடரே இல்லாத ஒன்றுக்காக மேற்கொண்டு நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

தொடர் இருக்குமானால் அடுத்த வேலை அதைப் பிரித்துப் பார்ப்பது. நீண்ட இடப்பெயர்வுக்குப் பின் வன்னியில் காணி மீட்க அலைந்தவர்களுக்கு இது புதிய வித்தையல்ல: உறுதியைக் கையில் எடுத்தால் யார் யாருக்கு எழுதினார், எழுதிய நாளில் அவர் உயிரோடிருந்தாரா, எழுதிக்கொடுக்க அவருக்கு உரிமை இருந்ததா, நடுவில் ஒரு கை விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்போம். இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் தொடரிலும் ஒவ்வொரு பெயருக்கும் இவை போன்ற கேள்விகளே கேட்கப்படுகின்றன. இருவரும் ஒரே காலத்தவரா? சந்தித்ததற்குச் சான்று உண்டா? நேரில் கேட்டதாகச் சொல்கிறாரா, அல்லது இடையிலிருந்தவரை மறைக்கும் பழக்கமுள்ளவரா? அவருடைய நாணயம் எப்படி, நினைவாற்றல் எப்படி? இவற்றுக்கு விடை தரவே இப்னு அபீ ஹாதிம், தஹபீ, இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ போன்றோர் அறிவிப்பாளர் வரலாற்று நூல்களை எழுதினார்கள். இப்னு ஹஜரின் தக்ரீபில் ஒருவரைப் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகளில் முடிந்துவிடும். தொடங்குபவருக்கு அதுவே வசதி.

அந்தத் தீர்ப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிக் கழிக்கக்கூடாது. எகிப்தின் காழியாக (நீதிபதியாக) இருந்து கி.பி. 790இல் இறந்த இப்னு லஹீஆவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஏடுகள் எரிந்துபோயின என்றும், அதன்பின் நினைவிலிருந்து சொன்னவற்றில் குழப்பம் நேர்ந்தது என்றும் அறிஞர்கள் எழுதுகிறார்கள். ஆகவே முற்காலத்தில் அவரிடம் கேட்ட அப்துல்லாஹ் இப்னு வஹ்ப் போன்றோர் வழியாக வருவதைச் சிலர் ஏற்கிறார்கள், பிந்தியவர்கள் வழியாக வருவதை விட்டுவிடுகிறார்கள். ஒரே மனிதர், ஆனால் கேட்ட காலத்தைப் பொறுத்து நம்பகம் மாறுகிறது.

மூன்றாவது படிதான் உண்மையில் பயன் தருவது, பலர் செய்யாமல் விடுவதும் அதைத்தான்: ஒரே செய்தி வருகின்ற எல்லாத் தொடர்களையும் ஒன்றாகத் திரட்டி ஒப்பிடுவது. "தொற்று இல்லை" என்ற ஹதீஸை இப்படித் திரட்டிப் பார்த்தால் வியப்பான ஒன்று தெரியவரும். புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் அபூஸலமா என்ற மாணவர் வழியாக ஒரு தகவல் பதிவாகியுள்ளது. அபூஹுரைரா முன்பு "தொற்று இல்லை" என்பதையும், "நோயுற்ற ஒட்டகங்களின் உரிமையாளர் அவற்றை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாம்" என்பதையும் சேர்த்தே அறிவித்து வந்தார். பின்னர் முதலாவதைச் சொல்லாமல் விட்டு, இரண்டாவதை மட்டும் சொன்னார். முன்னர் நீங்கள் அதையும் சொன்னீர்களே என்று எடுத்துக்காட்டியபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை, சினமும் கொண்டார். அவர் மறந்துவிட்டாரா, அல்லது ஒரு கூற்று மற்றதை ரத்துச் செய்துவிட்டதா என்று தமக்குத் தெரியவில்லை என்கிறார் அபூஸலமா.

ஒரு பெரும் அறிவிப்பாளரின் நினைவு பற்றிய இந்த இடறலை மறைத்துவிடத் தொகுப்பாளர்களுக்கு வழி இருந்தும் அவர்கள் மறைக்கவில்லை. வரலாறு எழுதுபவருக்கு இது மதிப்புமிக்க தடயம், ஏனெனில் தமக்குச் சங்கடம் தரும் செய்தியை எவரும் எளிதில் புனைவதில்லை. அதோடு அனஸ், இப்னு உமர், ஜாபிர் (ரலி) ஆகிய தோழர்கள் வழியாகவும் "தொற்று இல்லை" என்பது வருவதால், அது அபூஹுரைராவின் நினைவை மட்டும் நம்பி நிற்கவில்லை. ஆனால் அதன் பொருள் என்ன என்பது தனிக்கேள்வி. "ஸஃபர் இல்லை" என்பதை மாதத்தைப் பற்றியதாகச் சிலர் கொண்டார்கள். புஹாரியோ தம் அத்தியாயத் தலைப்பில் அதை வயிற்றைப் பிடிக்கும் ஒரு நோய் என்கிறார். எனவே ஸஹீஹான ஹதீஸ் ஒன்றைக் காட்டிவிட்டதாலேயே ஒடுக்கத்துப் புதன் விவாதம் தானாக முடிந்துவிடாது, மௌலவி இன்னும் சிறிது விளக்க வேண்டியிருக்கும்.

தொடர்களைத் திரட்டும்போது அவை எங்கே ஒரு முடிச்சில் சேர்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். "செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன" என்பது புஹாரியின் முதல் ஹதீஸ், மதரஸாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதை உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மது இப்னு இப்ராஹீம், அவரிடமிருந்து ஹிஜ்ரி 143இல் இறந்த யஹ்யா இப்னு ஸஈத் என்று ஒற்றை இழையாகவே நம்பத்தக்க வழி வருகிறது. யஹ்யாவுக்குப் பிறகுதான் பெருந்தொகையானோர் அறிவிக்கிறார்கள். மேற்கத்திய ஆய்வாளர் ஜோசப் ஷாக்ட் 1950இல் வெளியிட்ட நூலில், இத்தகைய முடிச்சிலுள்ளவரின் காலத்தில்தான் செய்தி உருவாகியிருக்கும் என்ற பாங்கில் வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர் ஹரல்ட் மொட்ஸ்கி அதை ஏற்கவில்லை: முடிச்சிலுள்ளவர் முறையாகத் திரட்டிக் கற்பித்த முதல் தலைமுறை ஆசிரியராக இருக்கலாம், செய்தி அவருக்கு முந்தியதாக இருக்க இடமுண்டு என்றார். தொடர்களோடு வாசக வேறுபாடுகளையும் பொருத்திப் பார்த்து ஒரு செய்தியின் வயதை மதிப்பிடும் முறையை வளர்த்தவர்களுள் அவர் முக்கியமானவர். எனக்கு மொட்ஸ்கியின் பக்கமே நியாயமாகப் படுகிறது. ஷாக்டின் விதியை எல்லா இடத்துக்கும் பொருத்தினால், மாணவர் பலரைப் பெற்ற ஆசிரியர் எவரும் புனைந்தவர் என்றாகிவிடும். எப்படியாயினும், இந்த ஹதீஸ் கி.பி. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் பரவலாகக் கற்பிக்கப்பட்டது என்பதை இரு தரப்பும் ஏற்கலாம். அதற்கு மேலே செல்வது அந்த ஒற்றை இழையிலுள்ள மூவரை எவ்வளவு நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. ஹதீஸ் அறிஞர்களுக்கும் இது தெரியாததல்ல, தொடரின் தொடக்கப் பகுதியில் இதைத் தனித்து வந்த செய்தியென்றே அவர்கள் வகைப்படுத்தினார்கள்.

அடுத்து வாசகத்தை எடைபோட வேண்டும். சிறிய செயலுக்குக் கணக்கற்ற கூலி, பிற்காலத்தில் தோன்றிய பிரிவொன்றின் பெயர், ஓர் ஊரையோ இனத்தையோ அளவுமீறிப் புகழ்வது அல்லது இகழ்வது ஆகியவை ஐயத்துக்குரிய அடையாளங்கள் என்று ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டின் இப்னுல் கையிம் போன்றோர் எழுதிவைத்தார்கள். வாசகத்தைக் கேள்விக்குள்ளாக்குவது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று சொல்வோருக்கு நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களையே காட்டலாம். குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்ற அறிவிப்பைக் கேட்டபோது, ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டி அவர் மறுத்தார். அதுவும் புஹாரியிலேயே, ஜனாஸா பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது.

பெற்ற முடிவைச் சொல்லும்போது தீர்ப்பை யார் வழங்கினார் என்று பெயரோடு சொல்லுங்கள். 'ஸஹீஹ்' என்பதும் 'ளயீஃப்' என்பதும் ஒருவருடைய ஆய்வின் முடிவுகள். புஹாரி, முஸ்லிம் ஆகியோரின் சில தொடர்களைக்கூடக் கி.பி. 995இல் இறந்த தாரகுத்னீ விமர்சித்தார். 'ளயீஃப்' என்றால் பொய் என்று பொருளாகாது, நிறுவப் போதாது என்பதே பொருள். பொய்யென்று கருதப்பட்டதற்கு 'மவ்ளூஃ' என்ற தனிப்பெயர் இருக்கிறது. பரீட்சை விடையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. ஷீஆக்களின் அல்காஃபீ போன்ற தொகுப்புகளுக்குத் தனித் தொடர்களும் தனி அறிவிப்பாளர் நூல்களும் இருப்பதால், ஒரு தரப்பின் அளவுகோலால் மறுதரப்பின் நூலை அளந்து தீர்ப்பெழுத வேண்டாம்.

பள்ளிவாசலில் கேட்ட ஹதீஸில் ஐயம் எழுந்தால் ஆட்களின் நடுவில் மறித்துக் கேட்காமல், தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபின், "மௌலவி, நீங்கள் சொன்ன ஹதீஸ் எந்தக் கிதாபில் வருகிறது, அறிவித்த ஸஹாபி யார்?" என்று கேட்பதே முறை. அடுத்த ஜும்ஆவுக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் சொன்னால் அதை மழுப்பலாக எண்ண வேண்டாம். ஒரு தொடரிலுள்ள ஐந்தாறு பெயர்களைத் தேடிப் பார்க்க அவ்வளவு நாள் வேண்டியிருக்கும்.