பாடத்துக்கும் பிள்ளைக்கும் இடையே நிற்கும் தடையைக் கண்டறிவது எப்படி: மாற்றுத்திறன் மாணவர்களோடு பணிபுரியும் ஆசிரியர்களுக்கு

சொல்வதெழுதலில் பத்துச் சொற்களில் ஏழு சொற்களைப் பிழையாக எழுதும் ஒரு மாணவன், அதே பத்துச் சொற்களுக்கும் வாய்மொழியாகக் கேட்டால் தடுமாறாமல் பொருள் சொல்லிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குப் பாடம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைத் தாளில் இறக்கும் வழிதான் எங்கோ அடைபட்டிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 'இவன் படிப்பில் மந்தம்' என்று முடிவுகட்டிவிட்டால், அதன்பின் எடுக்கும் முயற்சிகள் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் போய் நிற்கும்.

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு போதும். நாள், நேரம், அப்போது நடந்த செயல்பாடு, பிள்ளை செய்தது, எது கைகொடுத்தது என்பவற்றைக் கண்டது கண்டபடி எழுதுங்கள். 'கவனம் இல்லை' என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. 'கரும்பலகையிலிருந்து எழுதும்போது மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள்; பக்கத்து மாணவியின் ஏட்டைப் பார்த்து முடித்தாள்' என்ற குறிப்போ கண் பரிசோதனை தேவைப்படலாம் என்பதை உடனே காட்டிவிடுகிறது. எந்தக் கற்றல் சிக்கலையும் சந்தேகிப்பதற்கு முன் பார்வையையும் செவித்திறனையும் சோதித்துவிடுவது நல்லது. பாடத்தின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, இடையில் சொன்னது எதுவும் நினைவில்லாமல் திரும்பும் பிள்ளை பகற்கனவு காண்கிறது என்றே பலரும் நினைப்பார்கள். அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கக்கூடும். ஆசிரியரின் வேலை கவனித்து எழுதுவது. நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் வேலை.

கவனித்த பிறகு அந்த மாணவரிடமே கேளுங்கள், ஆனால் வகுப்பின் முன்னால் வேண்டாம். 'எந்த நேரத்தில் உனக்குச் சிரமமாக இருக்கிறது? அப்போது நீ என்ன செய்து சமாளிக்கிறாய்?' என்ற இரண்டு கேள்விகளே போதும். பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கும் உத்திகள் பல சமயம் நம் திட்டங்களைவிடப் பொருத்தமாக இருக்கும்.

செவித்திறன் குறைந்த மாணவரை முன்வரிசையில் அமர்த்திவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவது பரவலான பிழை. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வதற்கு ஓர் எல்லை உண்டு: கண்ணாடியின் முன் நின்று ஒலி எழுப்பாமல் 'பாலை' என்றும் 'மாலை' என்றும் சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே அசையும். பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் அந்த உதவியும் போய்விடுகிறது. சன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் நிழலாகிவிடும். எனவே எழுதி முடித்துத் திரும்பிய பின் பேசுங்கள். பின்வரிசையிலிருந்து யாரேனும் கேள்வி கேட்டால் அதை மறுபடி சொல்லிவிட்டுப் பதில் கூறுங்கள். காதொலிக் கருவி பேச்சோடு நாற்காலி இழுபடும் சத்தத்தையும் பெரிதாக்கும் என்பதால், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டுவதும் ஒரு கற்பித்தல் ஏற்பாடுதான். 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். புரிந்ததைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.

'இதை இதோடு கூட்டினால் இது வரும்' என்று பலகையைத் தட்டிச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. பார்வையற்ற மாணவருக்கு அந்த வாக்கியத்தில் எதுவுமே இல்லை. 'ஏழையும் ஐந்தையும் கூட்டினால் பன்னிரண்டு' என்று சொன்னால் அவரும் உடன் வருகிறார், ஏட்டில் தலைகவிழ்ந்திருந்த மற்றவர்களும் வருகிறார்கள். விரலால் தடவி வாசிக்கும் பிரெய்ல் எழுத்துமுறை ஆறு புள்ளிகளில் 63 வடிவங்களைத் தருகிறது என்றாலும், அதில் ஒரு பாடத்தை ஆக்குவதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே பாடக் குறிப்புகளைச் சில நாட்கள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். அச்சுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் திரையில் உள்ள எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளான திரை வாசிப்பான் அதை வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தட்டச்சு செய்த கோப்பாகவே அனுப்புங்கள்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம். ஆய்வகம் மாடியில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு விலக்கு அளிக்காமல், செய்முறை வகுப்பைக் கீழே கொண்டுவாருங்கள்.

வாசிப்பில் தடுமாறும் மாணவரைத் திடீரென எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம். பத்தியை முந்தைய நாளே கொடுத்துவிடலாம். ஆட்டிசம் உள்ள மாணவருக்குக் கால அட்டவணை மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்; பேசும்போது கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தாதீர்கள், பார்க்காமலேயே அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதித்தர ஒருவரோ கொடுத்தால் மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, தன் 24-ஆம் பிரிவில், ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான ஏற்பாடுகளைக் கல்வி உரிமையின் பகுதியாகவே சொல்கிறது. நடைமுறையில் நான் கையாளும் அளவுகோல் எளிது: இந்தத் தேர்வு எதை அளக்கிறது? வரலாற்றுத் தேர்வு கையெழுத்தின் வேகத்தை அளப்பதில்லை, எனவே எழுதித்தர ஒருவரை அமர்த்துவதில் தவறில்லை. எழுத்துப்பிழைகளைச் சோதிக்கும் தேர்வில் அதே சலுகை தேர்வையே பொருளற்றதாக்கிவிடும். அங்கே கூடுதல் நேரமோ தட்டச்சோ பொருந்தும்.

ஒரு மாணவருக்கென்றே வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் 'வாசிப்பு மேம்படும்' என்று எழுதாமல், எந்தப் பத்தியை, யார் துணையோடு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். உதவியாளர் எப்போதும் பிள்ளையின் அருகிலேயே அமர்ந்திருந்தால் மற்றப் பிள்ளைகள் நெருங்க மாட்டார்கள். சற்றுத் தள்ளி அமர்வது நல்லது.

உடலில் எந்தக் குறையும் இன்றி, வீட்டுச் சூழலால் நலிந்துபோகும் பிள்ளைகள் இத்தகைய திட்டங்கள் எதிலும் இடம்பெறுவதில்லை. நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர், வேலைக்குப் போய்விட்டு வகுப்பில் தூங்குபவர், அடிபடுபவர் எனப் பலர் உண்டு. வருகைப் பதிவேட்டை வரிசையாகப் பாருங்கள்: குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் விழும் விடுப்பு, பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குக் கிளம்பத் தயங்குவது, மதிப்பெண்ணில் திடீர்ச் சரிவு ஆகியவை விசாரிக்க வேண்டியவை, ஆனால் அவையே சான்று ஆகிவிடா.

அப்படி ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததை உங்களிடம் சொல்லத் தொடங்கினால், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று முதலிலேயே கூறிவிடுங்கள். 'அவர் அடித்தாரா?' என்று பதிலை வாயில் திணிக்கும் கேள்வி வேண்டாம், 'பிறகு என்ன நடந்தது?' என்பது போதும். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். நீ என்னிடம் சொன்னது நல்லது, தவறு உன்னுடையதல்ல என்று சொல்லுங்கள். பிள்ளை பயன்படுத்திய அதே சொற்களில், நேரத்தையும் குறித்து, அன்றே எழுதிப் பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை நீங்களே அழைத்து விசாரிப்பது பிள்ளையை மேலும் ஆபத்தில் தள்ளும். மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது அறிவுரையோ பரிதாபப் பார்வையோ வேண்டாம். வழக்கமான இடத்தில் உட்காரவிட்டு, நேற்று விட்ட பக்கத்திலிருந்து பாடத்தைத் தொடருங்கள்.