ஏ1-ஐ ஏ3 ஆக்கும்போது சறுக்கும் இடங்கள்

கடையில் வாங்கிய ஓஓ கேஜ் (நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு அளவு) மாதிரி நீராவி எஞ்சினை வேறு வகையாக மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் கைகாட்டுவது பிரிட்டனின் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனைத்தான். நிஜ எஞ்சினே அப்படி மாற்றப்பட்டது. 1923-இல் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து வடிவமைப்பாளர் கிரெஸ்லியின் ஏ1 வகையாக வெளியே வந்தது, 1947-இல் ஏ3 ஆனது. சக்கரங்களும் அவற்றின் இடைவெளியும் அப்படியே இருந்தன. கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டிலிருந்து 220-க்கு ஏறியது. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று அசட்டையாக இறங்கினால் வேலை கெட்டுவிடும்.

முதல் தவறு, “ஏ3 செய்யப் போகிறேன்” என்று கிளம்புவது. எந்த எண், எந்த வருடம்? இதைத் தாளில் எழுதிய பிறகுதான் ரம்பத்தை எடுக்க வேண்டும். ஸ்காட்ஸ்மேனுக்கு இரட்டைப் புகைபோக்கி வந்தது 1959 ஜனவரியில். அதில் புகை மெதுவாக வெளியேறி, மேலே எழும்பாமல் கொதிகலன் மேலேயே படர்ந்து ஓட்டுநரின் பார்வையை மறைத்தது. அதற்காகத்தான் 1961 கடைசியில் ஜெர்மன் பாணிப் புகைத் தடுப்புத் தகடுகளை மாட்டினார்கள். 1963 ஜனவரியில் எஞ்சினுக்கு ஓய்வு. ஆக, பிரிட்டிஷ் ரயில்வேயில் அந்தக் கோலத்தில் அது ஓடியது ஒரு வருடம் சொச்சம். அழகாக இருக்கிறதே என்று ஒற்றைப் புகைபோக்கி எஞ்சினுக்குத் தகடு ஒட்டினால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பச்சை நிறத்தில், 4472 என்ற அதன் பழைய எண்ணோடு, தகடும் இருக்கும் போட்டோவைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவதுண்டு. அது 2000-களில், பாதுகாக்கப்பட்ட எஞ்சினாக ஓடியபோது எடுத்தது.

எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியிலும் இதே கதைதான். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392 மைல் நிற்காமல் ஓடுவதற்காக, நடுவழியிலேயே ஆள் மாற நடைபாதை வைத்த டெண்டரை 1928-இல் கொடுத்தார்கள். 1936-இல் அதைக் கழற்றியாயிற்று. பின்சுவரில் வட்டக் கண்ணாடி தெரியும் டெண்டரை 1961-ஆம் வருட எஞ்சினோடு இணைக்காதீர்கள்.

பலரும் விட்டுவிடுவது புகைப்பெட்டியின் (கொதிகலனின் முன்முனை) இரு பக்கமும் மேலே இருக்கும் சின்னச் செவ்வகத் தகட்டை. நீராவியை மேலும் சூடேற்றும் ஏ3-இன் பெரிய சூப்பர்ஹீட்டரின் தலைப்பெட்டி உள்ளே அடங்காமல் முனைகள் வெளியே நீண்டதால், அவற்றை மூட வைத்தது அது. ஏ1-இல் கிடையாது. கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, ஒட்டுவதற்கு முன்பே பென்சிலில் சுற்றித் தேய்த்து வளைத்துக்கொள்ளுங்கள். தட்டையாகவே ஒட்டிவிட்டு அழுத்தினால் ஓரம் தூக்கிக்கொண்டே இருக்கும்.

பழைய புகைபோக்கியை அறுக்கும்போது கோட்டின் மேலேயே ரம்பம் வைக்கக் கூடாது. அரை மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மீதியை அரத்தால் இறக்க வேண்டும். இந்த அளவில் அரை மில்லிமீட்டர் என்பது நிஜ எஞ்சினில் ஒன்றரை அங்குலம். ஒருமுறை ராத்திரி டியூப்லைட்டில் ஒட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் ஜன்னலுக்கு எதிரே பிடித்து முன்பக்கமிருந்து பார்த்தால், புகைபோக்கி குடித்தவன் தொப்பி மாதிரி சாய்ந்திருந்தது. அதிலிருந்து, ஒட்டும் முன் கொஞ்சம் களிமண்ணில் நிறுத்திப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். அதனால் கேபின் கண்ணாடியைக் கடைசியில் வையுங்கள்.

நன்றாக ஓடும் சேசிஸைச் சும்மா பிரிக்காதீர்கள். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையிலான கோணம் கொஞ்சம் பிசகினாலும் இணைப்புத் தண்டு இடறி, எஞ்சின் நொண்டும். ஏ1, ஏ3 இரண்டுக்கும் பெரிய சக்கரம் 6 அடி 8 அங்குலம் என்பதால் இங்கே அந்தத் தொல்லையே இல்லை. வேறு வகைகளில் இறங்குபவர்கள் முதலில் சக்கரத்தை அளக்கட்டும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 57 வரிசைக்கு 4 அடி 7½ அங்குலம், 54 வரிசைக்கு 5 அடி 2. மாதிரியில் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் பிரேக் கட்டையில் உரசும், உடலும் மேலே ஏறி நிற்கும்.

வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, கண்ணாடி வைப்பதற்கு முன், பெயின்ட். முதலில் பிரைமர் அடித்தால் பட்டி பார்த்த இடமெல்லாம் பல்லைக் காட்டும். உப்புத்தாள் போட்டு மறுபடி அடியுங்கள்.

அப்புறம், கேபினில் ஓட்டுநர் பொம்மை. ஸ்காட்ஸ்மேனில் 1954 வரை வலது பக்கம், அதன் பிறகு இடது பக்கம்.