உயரம் குறைந்தவர்கள் பேண்ட் வாங்கும்போது நீளத்தைக் கடைசியாகப் பாருங்கள்

ஐந்தடி நாலு அங்குலத்துக்குக் கீழே உள்ள பெண்களுக்கான அளவை ஆடைத் தொழிலில் 'பெட்டீட்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். வேலூர் லாங் பஜாரில் நாம் ஏறி இறங்கும் கடைகளில் அதற்கென்று தனி அடுக்கு பெரும்பாலும் இருக்காது. "நீளம்தானேம்மா, டெய்லர் கிட்ட கொடுத்து வெட்டிக்கோங்க" என்பார்கள். நீளத்தை வெட்டலாம், சரி. ஆனால் இடுப்புப் பட்டிக்கும் கவட்டைக்கும் நடுவே உள்ள உயரம், அதாவது ரைஸ், அதிகமாக இருந்தால் எந்த டெய்லருக்கும் அது பெரிய வேலை, பாதி பேண்டைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

முதல் வேலை வீட்டில். உங்களிடம் ஏற்கெனவே நன்றாகப் பொருந்தும் பேண்ட் ஒன்றைத் தரையில் விரித்து, கவட்டையில் நான்கு தையல்களும் சேரும் இடத்திலிருந்து கால் ஓரம் வரை இஞ்ச் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதே இடத்திலிருந்து முன்பக்கம் மேலே பட்டியின் விளிம்பு வரை இன்னொரு அளவு. இரண்டையும் போனில் எழுதி வைத்துக்கொண்டால் ஆன்லைனில் வாங்கும்போதும் உதவும்.

அடுத்து டிரையல் ரூம். நின்று மட்டும் பார்க்காதீர்கள், உட்கார்ந்தும் பாருங்கள். கவட்டைப் பக்கம் துணி தொங்கி மடிந்தால் ரைஸ் அதிகம். குறுக்கே கோடு கோடாக இழுத்தால் அங்கே இறுக்கம். பட்டிக்குள் இரண்டு விரல் போனால் போதும். பின் பாக்கெட் பெரிதாக இருந்து தொடை வரை இறங்கினால் அதை வைத்துவிடுங்கள், கால் இன்னும் குட்டையாகத் தெரியும்.

முட்டியைக் கட்டாயம் கவனியுங்கள். பூட்கட், பெல்பாட்டம் வகைகளில் துணி ஒடுங்கும் இடம் முட்டியில் வரவேண்டும், நமக்கு அது கெண்டைக்காலில் போய் உட்காரும், அப்புறம் கீழே நாலு இஞ்ச் வெட்டினால் விரியும் பகுதியே போய்விடும். புதிதாகத் தொடங்குபவர்கள் நேர்க்கால் பேண்டோ லேசாக ஒடுங்கும் பேண்டோ எடுப்பதே நல்லது. சிறுமிகள் பிரிவில் எடுக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அது நம் இடுப்புக்கு வெட்டிய துணி அல்ல.

டெய்லரிடம் போகும் முன் காட்டன் பேண்டை ஒருமுறை அலசிக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். ஆம்பூர் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்குச் செருப்பு வகைக்குப் பஞ்சமில்லை, அந்தப் பேண்டுக்கு எதைப் போடப்போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். நேர்க்காலுக்குக் குதிகால் பக்கம் தரையிலிருந்து அரை இஞ்ச் மேலே, ஒடுங்கிய பேண்டுக்குக் கணுக்கால் எலும்போடு நிற்கட்டும். ஒடுங்கிய பேண்டைக் கீழே மட்டும் வெட்டினால் கால் வாய் அகலமாகிவிடும், அதனால் "முட்டியிலிருந்து பிடிச்சுக் கொடுங்கண்ணா" என்று சொல்லுங்கள். ஜீன்ஸ் என்றால் பழைய ஓரத்தையே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டு மடிக்கட்டும், பின்னால் இறக்க வேண்டியிருந்தால் கைகொடுக்கும்.

போடும் விதம் எளிதுதான். அக்னி நட்சத்திர வெயிலில் தடித்த டெனிம் வேண்டாம், காட்டனோ லினன் கலந்ததோ போதும். அகலக் கால் பேண்டுக்கு முட்டி வரை குர்த்தி போட்டால் ஆளைப் பாதியாக வெட்டியதுபோல இருக்கும், இடுப்பெலும்போடு முடியும் குட்டைக் குர்த்தியோ உள்ளே செருகிய சட்டையோ எடுப்பாக இருக்கும். நீளக் குர்த்திதான் அலுவலகத்துக்கு வேண்டுமென்றால் பக்கவாட்டு வெட்டு இடுப்புக்குச் சற்றுக் கீழேயே தொடங்குவதாகப் பார்த்து, கணுக்காலில் முடியும் ஒடுங்கிய பேண்டோடு போடுங்கள், செருப்பும் பேண்டின் நிறத்துக்குக் கிட்டத்தில் இருக்கட்டும்.