என்பிஏ அணி ஒன்றின் சீசன் வாரிப் பட்டியலைப் பிழையில்லாமல் போடுவது எப்படி?

48 வெற்றி, 34 தோல்வி. 1974–75-இல் இந்தக் கணக்கோடு, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி சாம்பியன் ஆனது. 2007–08-இல் அதே 48–34 எடுத்தும் மேற்கு கான்ஃபரன்ஸில் (லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) ஒன்பதாம் இடம்தான். எட்டாவதாக வந்த டென்வர் 50 ஆட்டம் ஜெயித்திருந்ததால், சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃப் சுற்றுகளின் வாசலோடு வாரியர்ஸ் திரும்பியது. 2024–25-இல் மறுபடியும் 48–34. இந்த முறை ஏழாம் இடம், ப்ளே-இன் (பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டங்கள்) வழியாக உள்ளே போய் இரண்டாம் சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றது. வெற்றி, தோல்வி என்று இரண்டு பத்தியை (column) மட்டும் நிரப்பி வைத்தால் இந்த மூன்று வருடங்களும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எண்களை எடுப்பது சுலபம். எதை எந்தப் பத்தியில் போடுவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் பட்டியல்கள் கெட்டுப்போகின்றன. வாரியர்ஸை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம், வரக்கூடிய சிக்கல் ஏறக்குறைய எல்லாம் இந்த ஒரே அணியின் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் ஷீட்டைத் தயார் செய்யுங்கள். எதையும் தட்டச்சு செய்வதற்கு முன் சீசன் பத்தியையும் பிளேஆஃப் பத்தியையும் தேர்ந்தெடுத்து, வடிவத்தை ‘வெறும் உரை’ (Text) என்று மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் 2011-12 என்று அடித்தால் எக்செல் அதை 2011 டிசம்பர் என்று எடுத்துக்கொள்ளும். 2000-01-இலிருந்து 2011-12 வரை உள்ள வரிகள் இப்படி மாறலாம். 2012-13 மாறாது, ஏனென்றால் 13-ஆம் மாதம் கிடையாது. அதனால்தான் பிழை நடுவில் ஒளிந்துகொண்டு கண்ணில் படாமல் போகிறது. பிளேஆஃப் முடிவான 4-2-க்கும் இதே கதி, ஒரு தேதி ஆகிவிடும். மாறிய பிறகு வடிவத்தைத் திருத்தினாலும் பழைய எழுத்து திரும்ப வராது, ஒரு ஐந்து இலக்க எண்தான் வரும். சீசனுக்குப் பக்கத்தில் ‘தொடக்க ஆண்டு’ என்று தனிப் பத்தி வைத்து 1946, 1947 என்று வெறும் எண்ணாகப் போடுங்கள். வரிசைப்படுத்துவது அதை வைத்துத்தான். சீசன் பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் 1999–00, 1999–2000 என்று ஆளுக்கொரு விதமாக எழுதியது எல்லாம் இடம் மாறும்.

பத்திகள் இவை போதும்: தொடக்க ஆண்டு, சீசன், லீக், அணிப் பெயர், டிவிஷன் (லீக்கின் உட்பிரிவு), டிவிஷனில் இடம், கான்ஃபரன்ஸில் இடம், வெற்றி, தோல்வி, ஆட்டங்கள், சதவீதம், முதலிட அணியைவிட எத்தனை ஆட்டம் பின்னால், பயிற்சியாளர், பிளேஆஃப், குறிப்பு. வெற்றியையும் தோல்வியையும் ஒரே கட்டத்தில் ‘73–9’ என்று எழுதாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், கூட்ட முடியாது.

அணிப் பெயர் அந்தந்த வருடத்தில் என்னவோ அதுதான். 1946–47 முதல் 1961–62 வரை பிலடெல்பியா வாரியர்ஸ், 16 சீசன். 1962–63 முதல் 1970–71 வரை சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ், 9 சீசன். 1971–72-இலிருந்து கோல்டன் ஸ்டேட். 2024–25 வரை 54 சீசன். மூன்றையும் கூட்டினால் 79. 2025-இலிருந்து 1946-ஐக் கழித்தாலும் 79. வரிகளின் எண்ணிக்கை இதோடு பொருந்தவில்லையா, ஒரு சீசன் விடுபட்டிருக்கிறது அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது. மைதானத்தையும் பெயரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1996–97-இல் ஓக்லண்ட் அரங்கம் புதுப்பிக்கப்பட்டபோது சான் ஹோசேயில் ஆடினார்கள்; 2019-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கே திரும்பினார்கள். இரண்டிலும் பெயர் மாறவில்லை. இவை குறிப்புப் பத்திக்கு உரியவை.

லீக் பத்தியில் முதல் மூன்று சீசனுக்கு பிஏஏ (என்பிஏவுக்கு முந்தைய லீக்) என்று எழுத வேண்டும். 1949-இல் அது என்பிஎல் என்ற இன்னொரு லீக்கோடு இணைந்துதான் என்பிஏ வந்தது. பிஏஏ வருடங்களை என்பிஏ தன் வரலாறாகவே எண்ணுவதால் 1947 பட்டம் வாரியர்ஸின் ஏழு பட்டங்களில் சேரும். என்பிஎல் அப்படியல்ல. மினியாபோலிஸ் லேக்கர்ஸ் 1948-இல் வென்ற என்பிஎல் பட்டம், அந்த அணியின் 17 என்பிஏ பட்டங்களில் இல்லை. இடம் மாறிய அணி என்றால் வரலாறு யாருக்குச் சொந்தம் என்பதையும் முதலிலேயே பாருங்கள்: 1988 முதல் 2002 வரையிலான சார்லட் ஹார்னெட்ஸின் வரலாறு 2014-இல் சார்லட்டுக்கே திருப்பித் தரப்பட்டது. நியூ ஆர்லியன்ஸ் பட்டியல் 2002-இல்தான் தொடங்கும்.

அடுத்து ஆட்டங்களின் எண்ணிக்கை. 82 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டு நிரப்பாதீர்கள். 82 வந்ததே 1967–68-இல்தான். வாரியர்ஸ் முதல் சீசனில் 60 ஆட்டம் ஆடியது, இரண்டாவதில் 48, 1952–53-இல் 69, 1961–62-இல் 80, 1966–67-இல் 81. பின்னாலும் விதிவிலக்கு உண்டு. 1998–99 லாக்அவுட்டில் (உரிமையாளர்–வீரர் ஒப்பந்தத் தகராறால் ஆட்டங்கள் நின்றது) 50, 2011–12 லாக்அவுட்டில் 66, கொரோனாவால் நின்றுபோன 2019–20-இல் 65, அதற்கடுத்த சீசனில் 72. இதில் 2019–20 மட்டும் அணிக்கு அணி மாறும். சீசனை முடிக்க ஆர்லாண்டோவுக்கு அழைக்கப்பட்ட 22 அணிகள் அங்கே மேலும் ஆடின. 15–50 எடுத்திருந்த வாரியர்ஸுக்கு அழைப்பு இல்லை. ‘ஆட்டங்கள்’ பத்தியில் வெற்றியையும் தோல்வியையும் கூட்டும் சூத்திரத்தைப் போட்டு, எதிர்பார்க்கும் எண்ணை இன்னொரு பத்தியில் கையால் எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள். தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேயே பிடிபடும். பொருந்தாத வரி எல்லாமே பிழை என்றும் நினைக்க வேண்டாம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் ஓர் ஆட்டம் ரத்தானதால் பாஸ்டன் செல்டிக்ஸும் இந்தியானா பேசர்ஸும் அந்த சீசனில் 81 ஆட்டம்தான் ஆடின.

சதவீதப் பத்தி வெறும் அலங்காரம் இல்லை. 2019–20-இன் 15 வெற்றி, 2000–01-இன் 17–65-ஐவிட மோசம் என்று தோன்றும். சதவீதம் (வெற்றியை ஆட்டங்களால் வகுத்தது) பார்த்தால் முன்னது .231, பின்னது .207. வாரியர்ஸின் ஆக மோசமான சீசன் இரண்டும் இல்லை, 1952–53-இன் 12–57,.174.

எத்தனை ஆட்டம் பின்னால் என்பதற்கு இரண்டு கழித்தல். முதலிட அணியின் வெற்றியிலிருந்து நம் அணியின் வெற்றி, நம் தோல்வியிலிருந்து அவர்கள் தோல்வி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 2012–13-இல் டிவிஷன் முதலிடத்தில் இருந்த கிளிப்பர்ஸ் 56–26, வாரியர்ஸ் 47–35. 9-உம் 9-உம் 18, பாதி 9. டிவிஷன் முதலிடத்தை வைத்தா, கான்ஃபரன்ஸ் முதலிடத்தை வைத்தா என்பதை ஒருமுறை முடிவுசெய்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். கான்ஃபரன்ஸ் என்பதே 1970–71-இல்தான் வந்தது என்பதால் டிவிஷனை வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முந்தைய வரிகளில் கான்ஃபரன்ஸ் இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

பிளேஆஃப் பத்தியில் சுற்றின் பெயரைவிட எதிரணியும் முடிவும் முக்கியம். 1947-இல் டிவிஷன் முதலிடக்காரர்கள் இருவரும் நேராக ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். கிழக்கு டிவிஷனில் இரண்டாம் இடத்திலிருந்த வாரியர்ஸ் மறுபக்கமாக வந்து, செயின்ட் லூயிஸை 2–1, நியூயார்க்கை 2–0 என்று தாண்டி, இறுதியில் சிகாகோ ஸ்டாக்ஸை 4–1 என்று வென்றது. இதற்கு ‘கான்ஃபரன்ஸ் இறுதி’ என்று இன்றைய பெயரை ஒட்டினால் தப்பாகிவிடும். 1987-இல் யூட்டாவை 3–2 என்று வென்றதும் பிழை இல்லை. 1984 முதல் 2002 வரை முதல் சுற்று ஐந்து ஆட்டத் தொடர். 2003-இலிருந்து நான்கு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், ஒவ்வொன்றிலும் நான்கு வெற்றி வேண்டும் என்பதால், அதன்பிறகு சாம்பியன் ஆன எந்த வரியிலும் பிளேஆஃப் வெற்றி சரியாக 16 வர வேண்டும்: 2015-இல் 16–5, 2017-இல் 16–1, 2018-இல் 16–5, 2022-இல் 16–6.

ப்ளே-இன்னை எங்கே போடுவது? ரெகுலர் சீசனிலும் (பிளேஆஃபுக்கு முந்தைய லீக் ஆட்டங்கள்) சேராது, பிளேஆஃபிலும் சேராது. 2020–21-இல் வாரியர்ஸ் லேக்கர்ஸிடமும் மெம்பிஸிடமும் தோற்றது, ஆனால் 39–33 என்பது 39–35 ஆகாது. குறிப்பில் எழுதிவிட்டு, பிளேஆஃப் பத்தியில் ‘தகுதி பெறவில்லை’ என்று போடுங்கள்.

பயிற்சியாளர் பத்தியில் நடுவில் ஆள் மாறினால் இருவரையும் தனித்தனிக் கணக்கோடு எழுதுங்கள். 1969–70-இல் ஜார்ஜ் லீ 22–30, அவருக்குப் பின் வந்த அல் ஆட்டில்ஸ் 8–22. கூட்டினால் 30–52 வர வேண்டும், வருகிறது. 2015–16 வேறு விதம். ஸ்டீவ் கெர் முதுகு வலியால் இல்லாத முதல் 43 ஆட்டத்தை லூக் வால்டன் நடத்தி 39–4 எடுத்தார், ஆனாலும் 73–9 முழுவதும் கெர் பெயரில்தான் பதிவு. வால்டனுக்கு இது அநியாயம்தான், ஆனால் பட்டியல் லீக்கின் பதிவைத்தான் பின்பற்ற வேண்டும். அவர் பெயர் குறிப்பில் இடம் பெறட்டும்.

நடந்துகொண்டிருக்கும் சீசனுக்கு வரியைத் திறந்து வையுங்கள், ஆனால் மொத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீசன் நடுவிலேயே நடக்கும் என்பிஏ கோப்பைப் போட்டி வரும்போது ஒரு கவனம் வேண்டும்: அதன் குரூப் ஆட்டம், காலிறுதி, அரையிறுதி எல்லாம் ரெகுலர் சீசனில் சேரும், இறுதி ஆட்டம் மட்டும் சேராது. 2023-இல் லேக்கர்ஸ் இறுதியில் இந்தியானாவை 123–109 என்று வென்றது. அதை வெற்றிப் பத்தியில் ஏற்றியவர்களுக்கு ஏப்ரலில் ஆட்டக் கணக்கு 83 என்று வந்து நின்றது.